சத்வா வீட்டு வாதாம் இலைகள்

இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது, என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி முற்றத்து வாதாம் மரத்தடியில் நின்றிருந்தார். கையில் அரிசி கழுவிய தண்ணீர். எதிரே இடுப்பளவு உயரத்துக்குச் சிவந்த இலைகள். கிளினிக்கில் நர்ஸ் டூட்டி முடித்து வந்த களைப்பில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேலை கேட்டு ஷார்ஜா ரோலாவுக்குப் போவதாகக் காலையில் சொல்லியிருந்தார். போகவில்லை. "எவனும் ஆள் எடுக்கல. இருக்கவனையே ஊருக்கு அனுப்புதான். அங்க போயி என்னத்தக் கேக்க?" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

இரண்டாயிரங்களின் கடைசி அது. துபாயில் பாதியில் நின்ற கட்டடங்களின் மேல் கிரேன்கள் அசையாமல் நின்ற காலம். குழாய் பொருத்தும் வேலையில் இருந்த என் கணவரின் சைட்டையும் மூடிவிட்டார்கள். நான் அவரை என் விசாவுக்கு மாற்றிக்கொண்டேன். சத்வாவில் பல குடும்பங்கள் பங்குபோட்டு வாழ்ந்த பழைய வில்லா ஒன்றில் எங்களுக்கு ஓர் அறை. அந்த அறைக்குள் அவரால் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். கட்டிலும் சேர்ந்து ஆடும். ஃபிரிட்ஜைத் திறப்பார், எதையும் எடுக்காமல் மூடுவார். வீட்டிலிருந்த குழாய்களையெல்லாம் முறுக்கி முறுக்கி, மற்றவர்கள் திறக்க முடியாமல் என்னிடம் முறையிடும்படி செய்துவிட்டார். அவர் அப்படி அலைவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.

குளிர் தொடங்கினால் அந்த மரம் மொத்த இலையையும் உதிர்க்கும். வில்லாவின் வாட்ச்மேன், வயதான பட்டாணியர், அவற்றைக் கறுப்புப் பைகளில் அடைத்துத் தெருமுனைத் தொட்டியில் போடுவார். அந்த வருஷம் என் கணவர் பைகளைத் திருப்பி வாங்கிக் கொட்டிக்கொண்டார். உரம் போடப்போகிறாராம். எந்தச் செடிக்கு என்று கேட்டேன். அடுத்த பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஊர்க் காற்றில் இலை மக்குவதில்லை, அப்பளம்போல முறுகுகிறது. அவர் அவற்றை மிதித்து நொறுக்கினார். சாயாக்கடையிலிருந்து தேயிலைச் சக்கையும் அண்டை அறைகளிலிருந்து காய்கறித் தோலும் வாங்கி வந்து கலந்தார். பழைய கம்பளத்தால் மூடினார். மூடிய கையோடு திறந்தும் பார்த்தார். ஈ மொய்த்தது. "பாய், யே கச்ரா கலாஸ் கரோ" என்று, அந்தக் குப்பையை ஒழிக்கச் சொல்லி வாட்ச்மேன் தினமும் முணுமுணுத்தார். என் பொறுமையும் போய்விட்டது.

"எப்பப் பாத்தாலும் கிளறிக்கிட்டே இருந்தா எப்படி மக்கும்? மூடி வச்சிட்டுச் சும்மா இருங்களேன்."

"சும்மா இருக்கத்தானட்டி எனக்கு முடியல" என்றார்.

ஒரு குளிர்ந்த காலையில் முற்றத்தில் கூச்சல். "ஆக்! ஆக்!" என்று கத்தியபடி வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். குவியலின் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. என் கணவர் அவரைத் தடுத்துவிட்டு, முழங்கை வரை குவியலுக்குள் கையை விட்டார். "தீ இல்ல பாய், ஆவி!" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, இங்க வா, சூடு பிடிச்சிட்டு!" என்றார். வாட்ச்மேனும் தயங்கித் தயங்கிக் கையை விட்டுப் பார்த்து, "அச்சா!" என்று சிரித்தார். வேலை போனபின் என் கணவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

குவியல் பாதி மக்கியிருந்தபோது கத்தாரில் வேலை கிடைத்தது. உடனே கிளம்ப வேண்டியிருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸியில்கூட, எப்போது கிளற வேண்டும், எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பிலிருந்து போன் வரும். எடுத்ததும், "இலை எப்படி இருக்கு?" ஈரமா, சூடா, வாடை வருதா என்று விசாரித்துக்கொண்டே போவார். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் டூட்டி முடிந்து வந்ததும், உடுப்பைக்கூட மாற்றாமல் கம்பளத்தைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தேன். அறைக்குள் போனால் கட்டில் ஆடாமல் கிடக்கும். அதைப் பார்க்க முடியாமல் திரும்ப வெளியே வந்து கிளறுவேன்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் பார்த்தால், இலை என்று சொல்ல ஒரு நரம்புகூட மிஞ்சவில்லை. கறுப்பாக, பொலபொலவென்று மண். வாட்ச்மேன் தன் புதினாத் தொட்டிக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். மீதியை மரத்தடியில் பரப்பினேன்.

இப்போது நாங்கள் தூத்துக்குடியில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவர் கால் இன்னும் ஆடத்தான் செய்கிறது. பேச்சுக்குப் பஞ்சமில்லை, சண்டைக்கும்தான். ஆனால் இலை மண்ணாகிப்போன அந்த வாரத்து வெள்ளிக்கிழமை போனில் பேசியதுபோல எப்போதாவது பேசியிருக்கிறோமா என்று தெரியவில்லை.

அன்று அவர் இலையைப் பற்றிக் கேட்டதும், "மக்கிட்டு. முழுசா மக்கிட்டு" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கேம்பின் இரைச்சலுக்கு நடுவே, "அப்ப இனி போன் பண்ணா உங்கிட்ட என்னத்தக் கேக்க?" என்றார்.

"சாப்பிட்டியான்னு கேளுங்க."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன்?" என்றார் பதறிப்போய். ஆடாமல் கிடக்கும் கட்டிலிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன்.