சோளக் காட்டுக்குப் போன முடி

வேளாண் கல்லூரிக்குப் போகும் தெருவில் கடைசிக் கடை சலூன்காரருடையது. இரண்டு நாற்காலி, கீறல் விழுந்த கண்ணாடிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஒரு நாற்காலி அவருக்கு, மற்றது அவர் மனைவியின் தம்பிக்கு. சலூன்காரருக்குக் கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. மைத்துனரோ நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்த நாலும் ஊசி மாதிரி இருக்கும். பயிர் பச்சை விஷயத்தில் இருவருக்கும் அரிச்சுவடிகூடத் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி சலூன்காரருக்கு இருந்த ஒரே அபிப்பிராயம், செருப்புச் சேற்றோடு வந்து தரையைப் பாழாக்குவார்கள் என்பதுதான்.

ஒரு நாள் காலை அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் கடைக்குள் வந்து நின்றாள். ஆண்கள் மட்டுமே வருகிற கடை. பெஞ்சில் இருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, கீழ கிடக்கிற முடியெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போடுவோம். ஏம்மா?"

"எனக்குக் குடுங்க."

மைத்துனர் அன்றைய கணக்கிலிருந்து ஒரு வார்த்தையைச் செலவழித்தார். "சூனியமா?"

அவள் சிரித்துவிட்டு விவரம் சொன்னாள். கடைசி வருஷத்தில் நாலு நாலு பேருக்கு ஒரு துண்டு நிலம் தருவார்களாம். விதைப்பது முதல் அறுப்பது வரை அவர்கள் பாடு. இவள் குழு சோளம் போட்டிருக்கிறது. ஆனால் குலுக்கலில் விழுந்தது புதர்க்காட்டை ஒட்டிய துண்டு. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து உழுதுவிடும். மனுஷ வாடை அடித்தால் பன்றி கிட்டே வராது, வேலியோரம் தலைமுடி போட்டுப் பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செய்து பார்த்துவிட்டுக் கட்டுரையாக எழுதுங்கள் என்று ஆசிரியையும் விட்டுவிட்டார்.

சலூன்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் குப்பைப் பையைக் கொடுத்தார். வெளியே எட்டிப் பார்த்தால், அவள் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் பீடித்துண்டையும் சோப்பு நுரைக் காகிதத்தையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து முடியைத் தனியாகக் கூட்டி, தனிச் சாக்கில் கட்டி வைத்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? நாற்காலியில் உட்காருகிறவர்களிடமெல்லாம், "உங்க தலை இங்கதான் இருக்கும், முடி மட்டும் காலேஜுக்குப் போகுது" என்பார். கொஞ்ச நாளில், 'நம்ம சோளம்' எவ்வளவு உயரம் என்று வருகிறவர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பேப்பர் படிக்க மட்டும் வருகிற ஓய்வுபெற்ற தபால்காரருக்கு மண்டை பளிங்கு மாதிரி. "எல்லாரும் குடுக்கறீங்க, நான்தான் குடுத்து வைக்கலை" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த வாரம் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். வீட்டு அம்மாளின் சீப்பில் வந்த முடி.

சோளம் கதிர் பிடிக்கிற சமயத்தில் விடாத மழை. தரையில் போட்ட முடியெல்லாம் சேறோடு சேறாகிவிட்டது. பன்றிகள் உள்ளே புகுந்து ஒரு பக்கத்தைத் துவைத்துப் போட்டுவிட்டன. அந்தப் பெண் கடைக்கு வந்து, இனி முடி சேர்க்க வேண்டாம் என்று சொன்னாள். நிலத்தை விட்டுவிட்டுக் கட்டுரை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். சொல்லும்போதே குரல் உடைந்தது.

சலூன்காரர் அரை ஷேவிங்கில் இருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்.

"முடி போனா தலையே போச்சுன்னு யாராவது அழுவாங்களாம்மா? மிச்சம் எவ்வளவு நிக்குது?"

"பாதிக்கு மேல நிக்குதுண்ணே."

"அப்ப அதைப் பார்ப்போம். எத்தனை சாக்கு வேணும்?"

அவள் கேட்ட அளவுக்கு முடி சேர கடையில் ஒரு மாசம் ஆகும். மறுநாள் அவர் கடையைப் பூட்டினார். மைத்துனரும் அவரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். வெட்டு இலவசம், முடி சோளத்துக்கு. ஹாஸ்டலே வரிசையில் நின்றது. முதல் வருஷத்திலிருந்து தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, பெற்றவர்கள் கெஞ்சியும் வார்டன் மிரட்டியும் மசியாத ஒருவன் இருந்தான். அவனும் வந்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தான்.

"ஒட்ட வெட்டுங்கண்ணே. பன்னிக்காகத்தான். வேற யாருக்காகவும் இல்லைன்னு வார்டன்கிட்ட சொல்லிடுங்க."

வார்டன் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இந்தத் தடவை அந்தப் பெண் முடியைத் தரையில் போடவில்லை. பழைய காலுறைகளில் அடைத்து வேலியில் தொங்கவிட்டு, மழை படாமல் ஒவ்வொன்றுக்கும் மேலே பாதி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். கூட்டாளிகள் மூவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வேலை முடியும்போது சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பன்றிக் காலடி வேலிக்கு வெளியே தெரிந்ததே தவிர உள்ளே தெரியவில்லை. முடிதான் காரணமா, பக்கத்துக் குழு போட்டிருந்த கிழங்கின் ருசி காரணமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவள் கட்டுரையில் நேர்மையாக எழுதினாள்.

வருஷக் கடைசிக் கண்காட்சிக்கு சலூன் பெஞ்சு மொத்தமும் கிளம்பிப் போனது. இவர்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு கொட்டகைக்குள் காளான் வளர்த்தவர்களுக்கு. காளானைப் பன்றி தின்னுமா, அதற்கு என்ன கஷ்டம் என்று தபால்காரர் நடுவரை மடக்கிக் கேட்டு, கடைசியில் காளானும் ஒரு பை வாங்கிக்கொண்டார்.

நாலு பேரும் மேடையேறினார்கள். சலூன்காரர் தன் மனைவியின் பக்கத்தில் மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளைகள் மேடையில் நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவருக்கு.

"எல்லாரும் கை தட்டறாங்க. நீங்க என்ன பார்த்துட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அந்தக் கடைசிப் பையனுக்குக் காது மேல கொஞ்சம் கோணலாயிடுச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லணும்."

"அது நான் வெட்டினது" என்றார் பின்வரிசையிலிருந்து மைத்துனர், எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டிக்கொண்டே.