சோப்புக் குமிழும் விரல் மையும்

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து குழாயடியில் நின்றேன். என் நகத்து மையைப் பார்க்கப் பார்க்க, ஷார்ஜாவின் ரோலா கடைவீதி வெயிலில் மெல்லக் கறுத்த இன்னொரு நகம் நினைவில் வந்து நின்றது. அது மேடத்தின் நகம்.

அங்கே நான் நர்சாக வேலை பார்த்த மருத்துவமனையில் நர்சுகளுக்கெல்லாம் மேலதிகாரி அவர். அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் பிறந்த கறுப்பினப் பெண். சிடுசிடுவென்று இருப்பார், அவரைக் கண்டாலே எனக்கு உதறல்தான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அவர்கள் நாட்டுத் தேர்தல் நெருங்க நெருங்க, ஆள் ஜன்னலைப் பார்த்தபடியே நிற்க ஆரம்பித்தார். தபாலில் வரவேண்டிய வாக்குச்சீட்டு வரவில்லை. முந்தைய தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரையே நீக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, ஏதோ தவறு நடந்துவிட்டது என்றார்களாம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா இளவயதில் வாக்காளராகப் பதியப் போனபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒரு சோப்புக் கட்டியைக் காட்டி, இதில் எத்தனை குமிழ் வரும் என்று கேட்டாராம். கறுப்பர்களைப் பதியவிடாமல் தடுக்கவே வைத்திருந்த கேள்வி. அம்மா ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்தவர். "எங்களை வளர்த்ததே சோப்புதான். அதைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்" என்றார் மேடம். சட்டம் மாறும்வரை அம்மா போய்க்கொண்டே இருந்திருக்கிறார். மேடம் இதைச் சொன்னபோது அம்மா படுத்த படுக்கை. 'என்னால் போக முடியாது, உன் ஓட்டாவது போய்ச் சேரட்டும்' என்பதுதான் போனில் ஒரே பேச்சாம்.

ஒருவழியாகச் சீட்டு வந்தது. மேடம் உறையை ஒட்டியதும், என்னோடு வேலை பார்த்த குளச்சல்காரத் தோழி என் காதில் முணுமுணுத்தாள்: "வெரல்ல மை இல்லாம ஓட்டுப் போட்டேன்னா யாருட்டி நம்புவா?" நம் தேர்தல் மையில் இருப்பதும் சில்வர் நைட்ரேட்தான்; புண்ணில் தொட்டு வைக்கும் அந்தக் குச்சியை நனைத்து, மேடத்தின் இடக்கை ஆள்காட்டி விரல் நகத்தில் கோடு இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. விளையாடுகிறோம் என்று நினைத்துச் சிரித்தார். மூவரும் ரோலாவுக்கு நடந்து கூரியரில் உறையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, வெயிலில் கோடு பழுப்பாகித் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. துபாய் பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே, கனவில் நிற்பதுபோல அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த அன்று, மேடம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே அழுதார். நகம் வளர்ந்து கோடு நுனிக்கு வந்த பிறகும் அதை அவர் வெட்டவில்லை.

நேற்று நான் அலுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். சாவடியில் பெயரைப் படித்தார்கள், மை வைத்தார்கள், அவ்வளவுதான். குழாயடியில் சோப்பைத் தேய்த்தேன். கை நிறையக் குமிழ்கள். எத்தனை என்று என்னை யாரும் கேட்கவில்லை.