மூன்று கையெழுத்தும் ஒரு பலகையும்

ரோமானியர்கள் ஒரு கதவுக்கு மூன்று தெய்வங்களை வைத்திருந்தார்கள். பலகைக்கு ஒன்று, கீலுக்கு ஒன்று, வாசற்படிக்கு ஒன்று. ஒரே ஒரு வாயிற்காவலன் செய்யும் வேலைக்கு மூன்று தெய்வங்களா என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் கேலி செய்தார்கள். ஓமானில், சோஹார் நகரத்தில், ஏசி போட்ட என் சேஃப்டி ஆபீசர் கேபினில் உட்கார்ந்து இதைப் படித்து நானும் சிரித்தேன். மேசையில் பிள்ளையார். அடுத்தவன் தெய்வத்தைப் பார்த்துச் சிரிக்கும் சுகமே தனி.

எங்கள் கட்டட சைட்டிலும் அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு சாரத்திலும் ஒரு பச்சை அட்டை தொங்கும். தைரியமாக ஏறலாம் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை ஃபோர்மேன், சூப்பர்வைசர், நான் மூவரும் சாரத்தில் ஏறிப் பார்த்து அதில் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில், வியாழக்கிழமை அட்டைகள் கட்டாக என் மேசைக்கு வந்துவிடும். அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நான் போடுவேன். நான் பார்ப்பேன் என்று அவர்கள் போட்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு காலை, சாரத்தில் கட்டாமல் விட்ட பலகை புரண்டு, புதுக்கோட்டைப் பக்கத்து பெயிண்டர் ஒருவர் இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்தார். கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“பலகை ஆடுச்சா?”

“ஆடுச்சு சார். பலகையச் சொல்லி என்ன செய்ய? எனக்கு ஏழரை நடக்குது. உசரத்துல ஏறாதேன்னு சோசியரு அப்பவே சொன்னாரு.”

“அப்புறம் ஏன்யா ஏறுனீங்க?”

“ஃபோர்மேன் யல்லா யல்லான்னு வெரட்டுறப்ப சோசியரு சொன்னாருன்னா சொல்ல முடியும்?”

கேபினுக்குத் திரும்பினால் ப்ராஜெக்ட் மேனேஜர் காத்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், குரலில் தேன் வழியும். ரிப்போர்ட் தயார். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. என் கையெழுத்து விழுந்தால், மாவுக்கட்டைப் பிரித்ததும் ஆளை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். வேலை கலாஸ்.

“அவரே விதின்னு சொல்றாருங்க. உங்களுக்கென்னுங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் நட்சத்திரத்தின் வேலை என்றால் திருடனை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று அதே கிறிஸ்தவர்கள் ரோமாபுரியைக் கேட்டிருந்தார்கள்.

“விதிதான்னா அவர ஏன் சார் அனுப்புறீங்க? சனீஸ்வரனுக்கு டிக்கெட் போடுங்க!”

“ஏனுங்க கத்தறீங்க? பச்சை அட்டைல மூணாவது கையெழுத்து யாருதுங்க?”

என்னுடையதுதான். அழகான கையெழுத்து, வாலை நன்றாகச் சுழித்திருந்தேன்.

பெயிண்டருக்கு விதி ஆறுதல். எங்களுக்கு அது ஒளிந்துகொள்ள வசதியான முதுகு. படித்த நாய்கள் நாங்கள் மூவரும், ஏழாவது வகுப்போடு நின்ற ஒருவரின் சனியைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை பேனாவை எடுத்தது எந்தக் கிரகமும் இல்லை. சாரத்தில் ஏறிப் பார்க்கலாம், ஏறாமலும் இருக்கலாம் என்ற இரண்டும் என் முன்னால் இருந்தன. ஏசி சுகமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மேனேஜரின் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்: பலகை கட்டப்படவில்லை. மூவர் பார்க்காமல் கையெழுத்திட்டோம். மூன்றாமவன் நான்.

பெயிண்டரை ஊருக்கு அனுப்பாமல் ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். சேதி சொல்லப் போனபோது அவர் வீட்டுக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தார்.

“சனீஸ்வரன் காப்பாத்திட்டாரு புள்ள. மறக்காம எள்ளு வெளக்கு போட்ரு.”

நன்றி அங்கே போனது. வார்னிங் லெட்டர் மட்டும் சரியாக என் பெயருக்கு வந்தது.