மணமேடையில் விளங்கிய சொத்துச் சட்டம்

பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தபோது நாங்கள் மாடம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். வீட்டுக்காரர் அந்த ஊர்க்காரர். தாத்தா வழி நிலம் ஏரிப்பக்கம் கிடந்தது. மனை போட்டு விற்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பா, அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் ஒரே தங்கை.

அந்தப் பெண்ணுக்குப் பல்லாவரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அத்தை மகன்மேல் ஆசை. அண்ணன் மூன்று வருஷமாக முடியாது என்றார். "பஞ்சர் ஒட்றவனுக்கா என் தங்கச்சி?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். இவரென்ன, மகா ஜமீன்தார்!

சட்டம் வந்த வாரம் டீக்கடையில் யாரோ, கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாதாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். மனுஷன் அன்று மாலையே பல்லாவரம் போய், அத்தை காலில் விழாத குறையாகச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அடி பைத்தியமே, தாலி ஏறினா நிலம் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்!"

"இன்னாக்கா நீ, நல்ல காரியம் நடக்கறப்போ" என்று சிரித்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காதல் கண்ணை மறைக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வீட்டுக்காரர் கட்சியில் கிளைச் செயலாளர். ஆகவே கல்யாணத்தில் ஐயர் இல்லை, எம்.எல்.ஏ. தாலி எடுத்துக் கொடுப்பார், அப்புறம் பேசுவார். சட்டசபையில் என்ன செய்தோம் என்று தொகுதி மக்களுக்குச் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் தனியாகக் கூட்டம் எதுவும் போடமாட்டார்கள். அதற்குத்தான் கல்யாணப் பந்தல்கள் இருக்கின்றனவே! சாப்பாடு போடாதவரை ஒருத்தரும் எழுந்து போகவும் மாட்டார்கள்.

தாலி கட்டியாயிற்று. எம்.எல்.ஏ. மைக்கைப் பிடித்தார். குடிநீர்க் குழாய் வந்தது, ரோடு வந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கை தட்டினார். பல வருஷத்துக் கட்சிப் பழக்கம், கை தானாகப் போய்விடும். பந்தலுக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கிற வாசனையில் எனக்கு வயிறு பிடுங்கியது.

"பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை தந்திருக்கிறோம்!"

கைதட்டல்.

"சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன்பே மணமான சகோதரிகளுக்குத்தான் இதில் பங்கு இல்லை. சட்டத்துக்குப் பிறகு மணம் செய்துகொள்ளும் அத்தனை சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. இதோ, இங்கே மாலையோடு நிற்கிற நம் தங்கைக்கும் உண்டு!"

வீட்டுக்காரர் படபடவென்று தட்டினார். பந்தலில் அவரைப்போல் யாரும் தட்டவில்லை. தட்டிக்கொண்டே இருந்தவருக்கு நடுவில் விஷயம் உறைத்தது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எம்.எல்.ஏ. காரேறியதும் வீட்டுக்காரர் மேடைக்கு ஓடினார். நான் மணப்பெண்ணுக்குப் பூச்சரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அவரு சொல்றது நெஜமா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"நெஜம்தாண்ணா. நீ பல்லாவரம் போய்ட்டு வந்த மறுநாளே எம்.எல்.ஏ. ஆபீசாண்ட போய்க் கேட்டுக்கினேன்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கிணற்றடியில் நான் அத்தனை கத்தியபோது வாயைத் திறந்தாளா, திருட்டுக் கழுதை!

"அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை.

"மூணு வருசம் அழுது கேட்டேன், இவருக்கு என்னைக் கட்டிக் குடுக்கல. இதைச் சொல்லியிருந்தா குடுத்திருப்பியாண்ணா?"