எட்டாம் நாள் படைத்த பியர்

பெல்ஜியத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டன் டூட்டிங்குக்கு வந்த என் நண்பன், அந்த நாட்டு பியரைப் பற்றி ஓயாமல் பேசுவான். “ஒருக்கா வீட்டை வந்து குடிச்சுப் பாரன் மச்சான்” என்பான். “ஷிப்ட் இருக்கு, பிறகு வாறன்” என்பேன்.

மாரடைப்பில் போய்விட்டான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்போம் அல்லவா? பெல்ஜியம் என்ற எழுத்தைப் பார்த்து ஒரு போத்தல் வாங்கிப் போனேன். அவன் மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது பெல்ஜியம் மாதிரி அமெரிக்காவில செய்தது அண்ணை. அசல் ஒண்டு பிரிட்ஜில கிடக்கு. உங்களுக்கெண்டு அவர் எடுத்து வைச்சது. அதான் நான் படைக்கேல்லை.”

நான் கொண்டுபோன அமெரிக்க பியரையே படைத்தார்கள்; பிறகு அதில் ஒரு வாய் குடித்தேன். தோடம்பழத் தோலின் மணம், மெல்லிய கசப்பு. நன்றாகத்தான் இருந்தது. மிச்சத்தைப் படையல் முன்னாலேயே வைத்துவிட்டேன்.

அவள் தந்த அசல் போத்தல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஷிப்ட் இல்லாத நாட்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. இன்னும் திறக்கவில்லை.