கட்டு சிஸ்டர் எழுதிய சொல்

கட்டு சிஸ்டர் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பத்தொன்பது வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். மற்றவர்கள் சீட்டில் ‘ஆறிவிட்டது’ என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் ‘சிகாட்ரைஸ்டு’ என்று வாய் நிறையும் ஒரு சொல்லை எழுதுவார். புதிதாக வரும் டாக்டர்களே அகராதியைத் தேடுவார்கள்.

லத்தீனில் சிகாட்ரிக்ஸ் என்றால் தழும்பு. அதன் வழி வந்த சொல் இது. இலை உதிர்ந்த இடத்தில் கிளையில் விழுகிற வடுவுக்கும் தாவரவியல்காரர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். “வலி போனாலே ஆறிடுச்சும்பாங்க. தோல் மூடித் தழும்பு விழணும், அப்பதான் இது” என்பது அவர் கட்சி. கையுறை விரலால் மூன்று தரம் அழுத்திப் பார்ப்பார். ஈரம் தட்டினால், நீங்கள் தலைகீழாக நின்றாலும் எழுத மாட்டார்.

சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. கணவர் தபால்காரர். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் புண்ணாகி, ஒரு மாதமாக வீட்டில் கிடந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் சீட்டோடு வராவிட்டால் அவருடைய தெருக்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பதினோரு வருடம் நடந்த தெருக்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பது வரை அத்துப்படி. மனுஷன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னலோரமே கதி என்று உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை சிஸ்டர் அழுத்திப் பார்த்தார். பயறளவு சிவப்பு, லேசான ஈரம். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கினார். இரண்டு நாளில் தானாக மூடிக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அந்தச் சொல்லையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்று முழுக்க யாரிடமும் லத்தீன் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை கட்டு அறை வரிசையில் தபால்காரர் நொண்டிக்கொண்டு நின்றார். காலுறை ரத்தத்தில் ஊறி ஒட்டியிருந்தது. புண் முன்பைவிட அகலமாகத் திறந்திருந்தது. சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, வலித்ததுமே வேலையை விட்டு வந்திருக்கக் கூடாதா என்று பாய்ந்தார்.

“வலி நேத்தே ஆரம்பிச்சுது” என்றார் அவர், வெகு சாதாரணமாக. “ஆனா நீதான் எழுதிட்டியே. நீ எழுதினா ஆறினதுதான்னு நடந்தேன்.”