இந்தப் போர்டுக்கு இது பேடா

எனக்குப் புராசசர் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மனிதருக்கு அவருடைய பேர் அவரிடமே இருந்திருக்கும். சொல்லவில்லை. வாய்க்கொழுப்பு எல்லாவற்றுக்கும் இருந்தது, அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். தபாலில் படித்த படிப்பு. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். ஊரில் யாருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது என்பது என் பலம். எதிர்க்கடை வாடகை சைக்கிள் கடை. அதை நடத்தியவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனாலும் வாங்க போங்கதான். படித்தவனாம் நான்.

தர்மபுரியில் வீடியோ கேம் வந்திருந்தது. மரப்பெட்டிக்குள் டிவி, முன்னால் ஒரு பிடி, இரண்டு பட்டன். வரிசையில் நின்று விளையாடுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அண்ணன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த கேம் கம்ப்யூட்டரு ஒண்ணை நாமளே பண்ணிப்போட முடியாதுங்களா? பொட்டி நம்ம ஆசாரி செஞ்சு குடுத்துருவாரு. உள்ள இருக்கிறதை நீங்க பாத்து வாங்கிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

"அதென்னண்ணே பெரிய கம்பசூத்திரமா? ஒரு மதர் போர்டு, ஒரு புராசசர். ரெண்டும் பெங்களூருல கெடைக்குது" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் முந்தின வாரம்தான் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன்.

என் வார்த்தையை நம்பி அவர் பன்னிரண்டு சைக்கிளில் பத்தை விற்றார். மீதி இரண்டுக்கும் பெல் கிடையாது, பிரேக் சந்தேகம். கேம் ஓடினால் பிழைப்பு, ஓடாவிட்டால் அந்த இரண்டு சைக்கிள். இது தெரிந்துதான் நான் அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெங்களூரில் ஒரு மாடிப்படிக்கு மேல் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. வெளிநாட்டு கேம் பெட்டிகளிலிருந்து கழற்றிய போர்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒரு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டி எடுத்துக்கொண்டேன். அதில் புராசசர் இல்லை. இருந்த இடம் காலியாக இருந்தது. தனியாக வாங்க வேண்டும். கடைக்காரர் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்திருந்த இரண்டு சில்லுகளை எடுத்து வைத்தார். ஒன்றின் முதுகில் Z80. இன்னொன்றில் 6502. இரண்டும் கரப்பான்பூச்சி நிறம், இரண்டுக்கும் நாற்பது நாற்பது கால். எண்ணிப் பார்த்தேன். அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன்.

பம்பு செட்டில் ஐந்து எச்.பி.யைவிட ஏழரை எச்.பி. அதிகம் இழுக்கும். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். எண்பது எங்கே, ஆறாயிரத்து ஐநூற்று இரண்டு எங்கே! நான் பெரிய எண் இருந்ததைத் தொட்டு, "திஸ் ஒன்" என்றேன்.

கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பி, போர்டையும் சில்லையும் மாறி மாறிக் காட்டி, "ஈ போர்டுகெ இது பேடா" என்றார்.

"தம்பி, இந்த போர்டுக்கு இது வேண்டாங்கிறாருங்க. இன்னொண்ணுதான் சேருமாமுங்க" என்றார் அண்ணன் மெதுவாக.

"சும்மா இருங்கண்ணே. நல்லதை ஒளிச்சு வெச்சுக்கிட்டு மட்டமானதை நம்ம தலையில கட்டப் பாக்குறான். உங்களுக்கு பாஷை தெரியும், எனக்குத்தான் சாமான் தெரியும்."

அவர் முகம் சிறுத்துப்போனது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பொட்டலம் கட்டினார்.  ஓசூர் தாண்டியதும் அண்ணனே முறுக்கு வாங்கி என்னிடம் நீட்டினார்.

பெட்டி தயாரான வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிள் கடை முன்னால் பாதி ஊர் நின்றது. அண்ணன் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன். திரையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடின. கூட்டம் கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் கோடுகள் நின்றன, பெட்டிக்குள்ளிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. பின்கதவைத் திறந்து புராசசரைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. போர்டிலும் ஒரு ஓரம் கருகியிருந்தது.

கால்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் எந்தச் சில்லும் போர்டின் குழியில் உட்காரும். எந்தக் காலுக்குக் கரண்ட் வர வேண்டும் என்பது சில்லுக்குச் சில்லு வேறு. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பிறகு. ஆனால் அந்த நிமிஷம், பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோதே, காதில் அந்த "பேடா" கேட்டது. தப்பு யாருடையது என்று எனக்குத் துளிச் சந்தேகமில்லை.

"என்னாச்சுங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அண்ணன் என்னையே பார்த்தார். நான் என்ன சொன்னாலும் சரி என்கிற பார்வை. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேரின் ரேடியோ என் கடையில் கிடந்தது.

நான் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்: "கடைக்காரன் இது 'பேடா, பேடா'ன்னு கத்தியிருக்கான். நம்ம அண்ணன் பால்பேடா குடுக்கப் போறான்னு நெனச்சு தலையாட்டி வாங்கிட்டு வந்துட்டாருங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "வூட்டுல பேசுற பாஷையே தெரியலையாப்பா உனக்கு?" என்றார் ஒருவர். அண்ணன் எல்லோரையும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அப்போது வெட்கம்கூட வரவில்லை, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. வெட்கம் சாயங்காலம் வந்தது. வந்தது போகவில்லை.

ஊர் அவரைப் பேடா என்று கூப்பிட ஆரம்பித்தது. முதலில் கிண்டலுக்கு, பிறகு சாதாரணமாக. "பேடா, காத்து அடிச்சு குடு." அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். இன்னொரு போர்டு வாங்க வழியில்லை. கேம் பெட்டிக்குள் பஞ்சர் சாமான்களைப் போட்டு வைத்துக்கொண்டு பஞ்சர் மட்டும் ஒட்டினார். நான் எதிர்க்கடையில் உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் செய்தேன். என் சான்றிதழுக்கு ஒரு கீறல் விழவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் தெருவைத் தாண்டிப் போவேன். போய், டீ சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு என்னிடம் நீட்டினார். அழைப்பவர் இடத்தில் அவர் பேருக்கு முன்னால் அச்சடித்திருந்தது: 'பேடா'.

"எதுக்குண்ணே இதைப் போய்ப் போட்டீங்க?"

"அது இல்லாட்டி ஆள் யாருன்னு தெரியாதுங்க தம்பி. தபால்காரரே அப்பிடித்தான் கேக்குறாரு." படியிறங்கியவர் திரும்பினார். "வூட்டுல எல்லாரும் வந்துருங்க. பேரு வெச்சவரே வரலைன்னா நல்லா இருக்காதுங்க."

முகத்தில் குத்தல் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை.

போனேன். பந்தியில் என்னைச் சுற்றி அவருடைய சொந்தக்காரர்கள். இலைக்கு இலை வாளி வர வர, கையைக் குறுக்கே நீட்டி ஒவ்வொருவரும் சொன்னார்கள்: "பேடா, பேடா." வேண்டாம், வேண்டாம். பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும். அவர்கள் வாயில் அது சுத்தமான சொல்லாக இருந்தது.

அண்ணன் தானே சோற்று வாளியோடு என் இலைக்கு வந்தார். ஒரு கரண்டி வைத்தார், நின்றார். இன்னொரு கரண்டி வைத்தார். போதும் என்று சொல்ல எனக்கு எந்த பாஷையும் வரவில்லை. அவர் வைத்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் வைத்ததையெல்லாம் தின்றேன்.